இண்டர்வெல்லில் செத்த ஹீரோ

அத்தியாயம் 14

பொய் சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும். மாலதிக்கு அது வாய்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்த ஆரோக்கியம்மாள், எல்லாம் பேசி முடித்து, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க இருக்காரு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். "துபாய்ல" என்று மாலதியின் வாய் அவளைக் கலந்துகொள்ளாமலே சொல்லிவிட்டது. அதோடு விட்டாளா? "நிச்சயத்துக்கு வந்துடுவாரு" என்று ஒரு வாலையும் சேர்த்து ஒட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஜெயசீலனுக்குப் பிஸ்கட் புரையேறியது.

"அப்ப சரி. எங்க பக்கம் தாய்மாமன் கையாலதான் தட்டு மாத்துவோம். அவுரு இல்லாம நிச்சயம் கெடையாது" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம்மாள் எழுந்துகொண்டார்.

நிச்சயம் வருகிற ஞாயிறு. இன்றைக்கு வியாழன். போதாக்குறைக்குக் காலையிலேயே அந்தம்மாவிடமிருந்து போன். புடவை எடுக்கச் சிதம்பரம் வருகிறாராம். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, துபாய்க்காரரோடு போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாராம்.

"துபாய் நம்பர் ஒண்ணு வாங்கி வெச்சிரு" என்றார் ஜெயசீலன், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"கிண்டலா?"

"பின்ன என்ன? ஒங்கண்ணன் கடலூர்கிட்ட குடிகாட்டுல கம்பெனி ஸ்டோர்ல இருக்காரு, நமக்கும் அவுருக்கும் பேச்சு இல்லன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சரி, இப்பவாவது பஸ் ஏறு. ஒரு மணி நேரம். நேராப் போயி, அண்ணே வான்னு கூப்புடு."

"வரலன்னா?"

ஜெயசீலன் குனிந்து சட்டையைப் பார்த்தார். பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அதைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு மணி நேரப் பயணத்தைத்தான் அண்ணனும் தங்கையும் இருபத்துநாலு வருஷமாகப் போகவில்லை. வேற மதத்து வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு மாலதி பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது, கேட்டருகே நின்ற அண்ணன் ராஜவேல், "இனிமே எனக்குத் தங்கச்சி கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். மகள் தமிழினி பிறந்தபோது மாலதி ஒரு ரிஜிஸ்டர் கடிதம் போட்டாள். மகள் பெரிய மனுஷி ஆனபோது, "தாய்மாமன் நீ வரணும் அண்ணே" என்று இன்னொன்று. இரண்டு தடவையும் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அட்டை, கையெழுத்தோடு திரும்பி வந்தது. அண்ணன் வரவில்லை. மஞ்சத்தண்ணி ஊற்றிய அன்று தாய்மாமன் மாலையை ஜெயசீலனின் ஒன்றுவிட்ட தம்பிதான் போட்டார். அன்றைக்கு மாலதி அழுத அழுகையைச் சமையல்கட்டின் சுவர்தான் அறியும்.

மூன்றாவது தடவையாகப் போய்க் கேட்டு, அண்ணன் கதவைச் சாத்தினால்? அதைத் தாங்கிக்கொள்ளத் தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அண்ணனைத் துபாய்க்கு அனுப்பினாள்.

*

அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் 'மாலதி கம்ப்யூட்டர்ஸ்'. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், யாராவது ஒரு மாணவனின் ஆராய்ச்சிக் கட்டுரை எப்போதும் டைப்பில். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தமிழினியும் பகலில் இங்கேதான்.

"அம்மா, முகத்த அப்புடி வெச்சிக்காத. கஸ்டமர் பயந்துடுவாங்க. கொஞ்ச நேரம் ஒன் கேம்ல போய் ஒக்காரு, போ."

மகள் சொல்வதைக் கேட்டுவிட்டு மாலதி ஏதோ சூதாடுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்குட் வலைத்தளத்தில் 'டக்குனு சொல்லு' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவர் க்ளூ கொடுப்பார், மற்றவர்கள் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். யார் முதலில் சொல்கிறாரோ அவர் அடுத்த க்ளூ கொடுப்பார். பரிசு கிடையாது, பட்டம் கிடையாது. வீம்பு மட்டும் ஏராளம். எல்லோருக்கும் புனைபெயர்தான். ஊர் கேட்கக்கூடாது, சொந்தப் பேர் கேட்கக்கூடாது. கேட்டால் ஒரு வாரம் தள்ளி வைத்துவிடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் பெயர் 'தலைமைக் கழகம்'. மாலதியின் பெயர் 'மஞ்சப்பை'.

மஞ்சப்பைக்குச் சரிக்குச் சமமான ஒரே எதிரி 'இண்டர்வெல் முறுக்கு'. எட்டு மாதம் முன்னால் வந்து சேர்ந்த ஆள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இரண்டு பேரில் ஒருவர்தான் ஜெயிப்பார்கள். போன மாதம் ஒரு காமெடி சீனில் கழுதை இடது பக்கமிருந்து வந்ததா, வலது பக்கமிருந்து வந்ததா என்று மூன்று நாள் சண்டை. "ஒங்களோட பேசறதுக்கு அந்தக் கழுதையோட பேசலாம்" என்று முறுக்கு எழுத, மாலதி ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு முறுக்கே வந்து, "வலது பக்கம்தான். சிடி போட்டுப் பாத்தேன். மஞ்சப்பைக்கு ஜே" என்று எழுதிய பின்தான் சமாதானம்.

மணி பதினொன்றரை. க்ளூ கொடுக்கும் முறை முறுக்கினுடையது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக வந்து விழுந்தது க்ளூ.

"படகுக்காரக் கதை. ஹீரோ இண்டர்வெல்லுக்கு முன்னாடி கடல்ல விழுந்து செத்துப் போவான். இண்டர்வெல்லுக்கு அப்புறம் அவனுக்குக் கல்யாணம். கல்யாணத்தோட படம் சுபம். படம் என்ன?"

மடமடவென்று பதில்கள். பேய்ப்படமா என்றார் ஒருவர். மறுஜென்மமா என்றார் இன்னொருவர். ஒன்றும் சரியில்லை. முறுக்கு ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாலதி சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. இது கூடவா தெரியாது இவர்களுக்கு? 'ஏழாம் நம்பர் படகு' என்று தட்டினாள்.

"கரெக்ட்! மஞ்சப்பைக்கு ஜே!" என்றார் முறுக்கு.

அடுத்த நொடியே கூட்டத்தின் இன்னொரு ஆள், 'ஷார்ஜா சிங்காரம்' பாய்ந்து வந்தார். "என்ன கரெக்ட்? அந்தப் படம் எங்கிட்ட இருக்கு. ஹீரோ சாகுறது கிளைமாக்ஸ்ல. அதோட படம் முடிஞ்சிடும். கல்யாணம் அதுக்கு முந்தியே ஆயிடும். க்ளூவும் தப்பு, பதிலும் தப்பு!"

"அண்ணாச்சி, நான் தியேட்டர்ல பாத்தவன்" என்றார் முறுக்கு.

"நானும் தியேட்டர்ல பாத்தேன்" என்று மாலதியும் விடவில்லை. "ஹீரோ பொழச்சி வந்து கல்யாணம் பண்ணுவாரு. நல்லா ஞாபகம் இருக்கு."

"ரெண்டு பேரும் சேந்து வேற ஏதோ படம் பாத்திருக்கீங்க. எங்கம்மா அந்தக் கிளைமாக்ஸ் பாத்துட்டு மூணு நாள் சோறு திங்கல!"

சண்டை முற்றியது. கடைசியில் தலைமைக் கழகம் வந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் எங்கோ ஒரு தியேட்டரை நடத்தியவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

"சிங்காரம் சொல்றதுதான் சரி. ஆனா இவுங்க ரெண்டு பேரும் பொய் சொல்லல. அப்ப ஒரே பிரிண்ட்ட ரெண்டு தியேட்டர்ல ஓட்டுவாங்க. ஒரு தியேட்டர்ல ஓடி முடிஞ்ச ரீல் பெட்டிய சைக்கிள்ல தூக்கிக்கிட்டு அடுத்த தியேட்டருக்கு ஓடுவான் ஒருத்தன். அவன் பெட்டிய மாத்திக் குடுத்துட்டா, கடைசி ரீல் இண்டர்வெல்லுக்கு முந்தியே ஓடிடும், நடு ரீல் அப்புறம் ஓடும். செத்தவன் பொழச்சி வருவான். எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஆனா அது ஏதோ ஒரு தியேட்டர்ல, ஏதோ ஒரு ஷோவுல நடக்கறது. அப்புடிப் பாத்த ரெண்டு பேரு இங்க வந்து சேந்திருக்கீங்கன்னா, ரெண்டு பேரும் ஒரே கொட்டாய்ல, ஒரே ஷோவுல இருந்திருக்கீங்க!"

மாலதியின் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

கடலூர் ஓல்டு டவுன் சினிமாக் கொட்டாய். ஞாயிற்றுக்கிழமை மாட்டினி. அவளுக்கு எட்டு வயது. ஹீரோ கடலில் விழுந்ததும் கொட்டாய் முழுக்கக் கூச்சல், விசில். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ஹீரோ செத்துப்போனார் என்பது மட்டும் புரிந்தது. இண்டர்வெல்லில் அவள் அழுத அழுகையில் அண்ணன் பதறிப்போய் வெளியே ஓடி, ஒரே ஒரு முறுக்கு வாங்கிவந்து கையில் திணித்தார். அப்போதும் அழுகை நிற்கவில்லை. "இரு, வரேன்" என்று மறுபடி ஓடினார். திரும்பி வந்து, "ஆபரேட்டர்கிட்ட சொல்லிட்டேன். எந்தங்கச்சி அழுவுறா, ஹீரோவப் பொழைக்க வெய்யிங்கன்னு கெஞ்சினேன். சரின்னுட்டாரு" என்றார். விளக்கு அணைந்தது. ஹீரோ மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்.

பத்தாம் வகுப்பு வரைக்கும் மாலதி அதை நம்பினாள். அதற்குப் பிறகும் அந்தப் படத்தை மறுபடி பார்க்க அவள் விரும்பவில்லை.

"தமிழு" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "தமிழு, இங்க வாடி."

அந்தக் கொட்டாயில் நூற்றுக்கணக்கான பேர் இருந்திருப்பார்கள். யாரோ ஒருவராக இருக்கலாம். ஊர் கேட்கக்கூடாது, பேர் கேட்கக்கூடாது. மாலதி முறுக்கின் பக்கத்துக்குப் போய்த் தனியாக ஒரு ஸ்க்ராப் குறிப்பு எழுதினாள்.

"அன்னைக்கு இண்டர்வெல்ல முறுக்கு வாங்குனீங்களா?"

பதில் வந்தது. "ஆமா. ஒண்ணுதான் வாங்குனேன். அதுவும் எனக்குக் கெடைக்கல."

"ஆபரேட்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"



மாலதி பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துப் பார்த்தாள். தமிழினி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயம் அவளுக்கும் பிடிபட்டுவிட்டது.

கடைசியில் முறுக்கின் பதில் வந்து விழுந்தது: "நான் ஆபரேட்டர் ரூம் பக்கமே போகல. சும்மா சொன்னேன். நீங்க யாரு?"

அந்த நேரம் பார்த்துப் போனது கரண்ட். பகல் பன்னிரண்டு என்றால் நம் ஊர் மின்வெட்டுக்கு நாள் கிழமை தெரியாது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கட்டுரைக்காரன் "ஐயோ, சேவ் பண்ணலையே!" என்று அலறினான். மாலதியின் கம்ப்யூட்டரும் மோடமும் மட்டும் பழைய யு.பி.எஸ். புண்ணியத்தில் உயிரோடு இருந்தன. அதுவும் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. இன்னும் இரண்டு நிமிஷம் தாங்கினால் அதிகம்.

"பேரப் போடும்மா! சீக்கிரம்!"

"எழுத வரலடி. என்னன்னு போடறது?"

"போன் நம்பரையாவது போடு!"

மாலதி பத்து எண்களைத் தட்டினாள். கடைசி எண்ணுக்குப் பிறகு, "நாந்தான் அண்ணே" என்று சேர்த்தாள். அனுப்பியதும் திரை கறுத்தது. போனதா, போகவில்லையா? யாருக்குத் தெரியும்?

அம்மாவும் மகளும் மேஜைமேல் கிடந்த செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் ஒருத்தி, கரண்ட் இல்லை என்று தெரிந்தும் என்னவோ நடக்கிறது என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

போன் அடித்தது.

மாலதி எடுத்தாள்.

"மாலு?"

இருபத்துநாலு வருஷமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து, எது முதலில் வெளியே வருவது என்று தெரியாமல் விக்கல் மட்டும் வந்தது.

"அடப் பாவி, நீயா மஞ்சப்பை?" என்றார் ராஜவேல். "எட்டு மாசமா எங்கிட்ட மல்லுக்கு நின்னது நீதானா? அந்தக் கழுத விஷயத்துலயே எனக்கு ரோசன வந்திருக்கணும். சின்னதுலேருந்து நீ இப்புடித்தான், விடவே மாட்ட."

"அண்ணே, எம்பொண்ணுக்கு ஞாயித்துக்கெழம நிச்சயம்."

"என்ன?"

"நீ வரணும். வருவியா, மாட்டியா? ஒரே வார்த்தைல சொல்லிடு. என்னால தாங்க முடியாது."

"இன்னைக்கே வரேன்டி. ஹாஃப் டே லீவு சொல்லி, ஸ்டோர் சாவிய ஒப்படைச்சிட்டு மூணு மணிக்குள்ள பஸ் ஏறுறேன்." குரல் இறங்கிக் கேட்டார். "ஏன் மாலு, கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். அதுக்காக இத்தினி வருஷம் ஒரு கடுதாசி கூடப் போட மாட்டியா நீ? தபால்காரனப் பாத்துப் பாத்து நானும் வீம்பா இருந்துட்டேன்."

பீரோவில் கிடக்கும் அந்த இரண்டு அட்டைகள் மாலதியின் நினைவுக்கு வந்தன.

"நேர்ல வா அண்ணே" என்று சொல்லி, வீட்டு விலாசத்தை மட்டும் கொடுத்தாள்.

*

நாலு மணிக்குச் சொன்னபடி ஆரோக்கியம்மாள் வந்து உட்கார்ந்தார். காபி வந்தது. "நம்பர் போடுங்க, பேசிடலாம்" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

கம்பெனிச் சட்டை, பாதி நரைத்த தலை, கையில் எண்ணெய் கசிந்த ஒரு முறுக்குப் பொட்டலம். ராஜவேல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தங்கையின் தலையிலும் நரை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாங்க மச்சான்" என்றார் ஜெயசீலன்.

"வரேன் மாப்ள" என்றார் ராஜவேல். இருபத்துநாலு வருஷச் சண்டை அந்த நாலு வார்த்தையில் முடிந்துபோனது. தமிழினி "மாமா" என்று அருகே போனாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார்.

ஆரோக்கியம்மாள் முகமெல்லாம் பல். "தாய்மாமனா? போன்ல பேசலாம்னு வந்தா நேர்லயே வந்து நிக்கிறீங்க! துபாய்லேருந்து எப்ப எறங்குனீங்க?"

ராஜவேல் திருதிருவென்று முழித்தார். "துபாயா?" என்றவர், தங்கையின் முகத்தைப் பார்த்தார். எட்டு வயதில் மண்பானையை உடைத்துவிட்டு அவள் நின்ற அதே முகம். "ஆமாமா, துபாய்... நல்ல வெயிலு அங்க..." என்று ஆரம்பித்தார்.

"போதும் அண்ணே" என்றாள் மாலதி. எழுந்து ஆரோக்கியம்மாள் முன்னால் நின்றாள். "சம்பந்தியம்மா, எங்கண்ணன் துபாய் போனதே இல்ல. இங்க குடிகாட்டுலதான் வேல. நான் கல்யாணம் கட்டுனதுலேருந்து எங்களுக்குள்ள பேச்சு இல்ல. தாய்மாமன் இல்லன்னு சொன்னா எங்க சம்பந்தம் முறிஞ்சிடுமோன்னு பயந்து பொய் சொல்லிட்டேன். இன்னைக்குக் காலைல வரைக்கும் பேச்சு இல்ல. இப்பத்தான் சேந்தோம். மன்னிச்சிக்கிங்க."

தமிழினி முறுக்குப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அவளுக்கு அந்தப் பையனை ரொம்பவே பிடித்திருந்தது என்பதை அன்றுதான் ஜெயசீலன் கண்டுகொண்டார்.

ஆரோக்கியம்மாள் காபியை முழுசாகக் குடித்து முடித்தார்.

"அன்னைக்கே தெரியும் எனக்கு" என்றார். "துபாய்ல அண்ணன் இருக்குற வீட்டுல ஒரு ஃபோட்டோ கூடவா மாட்டியிருக்க மாட்டாங்க? அதான் போன்ல பேசுறேன்னு ஒரு பிடி பிடிச்சேன். பொய்யச் சாதிச்சிருந்தீங்கன்னா நான் எழுந்து போயிருப்பேன். சொல்லிட்டீங்க, சரியாப் போச்சி. இன்னொரு தடவ இந்த வேல வெச்சிக்காதீங்க."

"சத்தியமா இனிமே ஒரு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் மாலதி. நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கியது. சோறு தின்ன வேண்டும் போல் பசித்தது.

"தாய்மாமா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு. தட்டு ஒங்க கையாலதான்" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம்மாள் புடவைக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் போனதும் வீடே கலகலவென்று ஆனது. ராஜவேல் தமிழினிக்கு ஆபரேட்டர் கதையைச் சொல்ல, ஜெயசீலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே மாலதி உள்ளறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்தாள். பத்திரங்களுக்கு அடியில் அந்த இரண்டு தபால் அட்டைகள். பழுப்பேறிப் போயிருந்தாலும் கையெழுத்து அழியவில்லை. குண்டு குண்டாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போட்ட கையெழுத்து: மங்கலம்.

மங்கலம், அண்ணி. அண்ணி வாங்கி அண்ணனிடம் கொடுத்திருப்பார், அண்ணன் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை காலமும் மாலதி நினைத்திருந்தாள்.

கூடத்தில் ராஜவேலின் செல்போன் அடித்தது. "ஆமா மங்கலம், வந்துட்டேன். ஆமா, நம்ம மாலுதான். இந்தா, பேசு." போனைத் தூக்கிக்கொண்டு அவரே அறை வாசலுக்கு வந்தார். முகம் அப்படிப் பூரித்திருந்தது. "ஒங்கண்ணி பேசணுங்கறா."

மாலதி அட்டைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"அண்ணி..."

"மாலதி, பக்கத்துல அவுரு இருக்காரா? நான் சொல்றத மட்டும் கேளு" என்றது தாழ்ந்த குரல். "நீ போட்ட ரெண்டு கடுதாசியும் எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஞாயித்துக்கெழம கொண்டாறேன். ஏன் குடுக்கலன்னும் சொல்றேன். ஆனா அதக் கேட்டா ஒனக்கு எம்மேல வர்ற கோவத்த விட, ஒன் வூட்டுக்காரரு மேலதான் ஜாஸ்தி வரும். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

போன் வைக்கப்பட்டது. கூடத்தில் ஜெயசீலன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றா?" என்று ஆவலோடு கேட்டார் ராஜவேல்.

மாலதி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். சத்தியம் செய்து முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஞாயித்துக்கெழம என்ன புடவ கட்டிக்கிறதுன்னு கேக்குறாங்க அண்ணே" என்றாள்.